மதுரைச் சீமைக் களிமண்ணும் எக்ஸ் கிரணப் பரீக்ஷையும்

1895-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடி அரபிக் கடலில் வீணே கலந்துகொண்டிருந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வைகைக்குத் திருப்பப்பட்டது. அதற்கு அடுத்த மாதத்தில் ஜெர்மனி தேசத்தில் ராண்ட்கன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கிரணங்களைக் கண்டறிந்தார். முன்னது மதுரைச் சீமையின் நிலங்களுக்கு நீரைக் கொடுத்தது. பின்னது அந்நீரை ஏந்தி நிற்கும் மண் எத்தகையது என்பதை அறியும் வழியைக் கொடுத்தது. ஒரே நீரைப் பாய்ச்சினும், ஒரே உரத்தை இடினும், ஒரு வயல் விளைவதும் அடுத்த வயல் விளையாமையும் ஏன் என்னும் கேள்விக்குரிய விடை, பல சமயங்களில் மண்ணிலுள்ள களியின் உட்கூற்றிலேயே அடங்கியிருக்கிறது. அவ்வுட்கூற்றை எவ்வாறு கண்டறிவது, அதற்காக மண்ணை எவ்வாறு பதப்படுத்திச் சூடேற்றுவது, அதனால் குடியானவர்களுக்கு யாது பிரயோஜனம் என்பவை இங்கு விவரிக்கப்படுகின்றன.

மதுரைச் சமவெளியின் மண்வகைகள்

மதுரை நகரைச் சூழ்ந்த சமவெளியில் மூவகை மண்கள் முக்கியமானவை. திருமங்கலம், கள்ளிக்குடி முதலிய தெற்குப் பகுதிகளில் கரிசல் பரந்து கிடக்கிறது. பருத்தியும் சோளமும் அங்கு நெடுநாளைய மானாவாரிப் பயிர்கள். மேலூர் முதலிய வடகிழக்குப் பகுதிகளில் செம்மண் மிகுதி. பெரியாற்றுப் பாசனத்தால் அது நெல் விளையும் நஞ்சையாகவும் மாறியுள்ளது. சோழவந்தானை அடுத்த வைகைக் கரையில் வண்டல் படிந்த நிலங்களில் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் செழிக்கின்றன. வருஷத்து மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக் காற்றினாலேயே பெய்கிறது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகையில் மண் எவ்வளவு நீரை வாங்கி வைத்துக்கொள்கிறது என்பதே மானாவாரி விவசாயியின் ஆண்டு வரவைத் தீர்மானிக்கிறது. அவ்வாறு நீரை வாங்கும் சக்தி களியின் அளவை மட்டும் பொறுத்ததன்று. களியின் இனத்தையும் பொறுத்தது.

களி என்பது யாது?

மண்ணிலுள்ள துகள்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குக் குறைந்த பருமனுடையவை களி எனப்படும். விரலால் தேய்த்துப் பார்ப்பவருக்கு எல்லாக் களியும் ஒன்றே போலத் தோன்றும். ஆனால் அரிசி மாவும் உளுந்து மாவும் பார்வைக்கு ஒன்றுபோல் வெண்மையாயிருப்பினும், நீர் விட்டு ஆட்டினால் ஒன்று அடியில் படிவதும் மற்றொன்று பொங்குவதும் இல்லத்தரசிகள் அனைவரும் அறிந்ததே. களியிலும் அத்தகைய இனபேதம் உண்டு.

களித்துகள் ஒவ்வொன்றும் மிக மெல்லிய ஏடுகள் அடுக்கிய சுவடி போன்றது. ஏடுகள் ஸிலிகா, அலுமினா என்னும் இருவகைப் படலங்களால் ஆனவை. கயோலினைட் என்னும் களியில் ஒவ்வோர் ஏட்டிலும் ஒரு ஸிலிகாப் படலமும் ஓர் அலுமினாப் படலமும் உள்ளன. ஏடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் இடையே நீர் புகாது. இல்லைட் என்பதில் இரு ஸிலிகாப் படலங்களுக்கு நடுவே அலுமினாப் படலம் ஒன்று அமைந்து, ஏடுகளுக்கு இடையே பொட்டாசியம் பூட்டுப் போல் நிற்கிறது. ஸ்மெக்டைட் இனத்திலும் ஏட்டின் அமைப்பு இதுவே. எனினும் அங்கு பூட்டு இல்லை. மாண்ட்மோரில்லோனைட் என்பது இவ்வினத்தைச் சேர்ந்தது. நீர் தாராளமாக உட்புகுந்து ஏடுகளை விலக்குவதால் அது பருக்கிறது, காய்ந்தால் சுருங்குகிறது. கோடையில் கரிசல் நிலம் கால் நுழையும் அளவு பாளம் பாளமாக வெடிப்பதற்குக் காரணம் இதுவே. வெர்மிகுலைட் என்பது சிறிது பருத்து, பொட்டாசியத்தைக் கண்டால் இறுகப் பற்றி மூடிக்கொள்ளும். குளோரைட் என்பதில் ஏடுகளுக்கு இடையே வேறொரு முழுப் படலம் செருகப்பட்டிருக்கும்.

எக்ஸ் கிரணம் அளக்கும் வகை

ஓர் ஏட்டின் அடியிலிருந்து அடுத்த ஏட்டின் அடிவரை உள்ள தூரமே களியின் அடையாளம். அத்தூரம் ஆங்ஸ்ட்ராம் என்னும் அளவால் குறிக்கப்படும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம். இத்துணைச் சிறு தூரத்தை எந்தச் சாதாரண பூதக்கண்ணாடியாலும் அளக்க இயலாது. 1912-இல் லாவே என்பவர் படிகங்களின் வழியே எக்ஸ் கிரணங்கள் செல்லும்போது குறிப்பிட்ட திசைகளில் மட்டும் சிதறுவதை நிறுவினார். மறு வருஷம் பிராக் என்னும் தந்தையும் மகனுமாகிய இருவர், கிரணம் திரும்பும் கோணத்தைக் கொண்டு ஏடுகளின் இடைத்தூரத்தைக் கணக்கிடும் விதியை வகுத்தனர். 1930, 1931-ஆம் வருஷங்களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மண்ணின் களியும் படிக வடிவமுள்ளதே என்று இம்முறையால் நிரூபித்தனர். அதற்கு முன் களியானது உருவமற்ற பசை என்றே பலர் கருதி வந்தனர்.

இக்காலத்து யந்திரங்களில் பெரும்பாலும் செப்புக் குழாயிலிருந்து எழும் கிரணம் உபயோகிக்கப்படுகிறது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 1.54 ஆங்ஸ்ட்ராம். இடைத்தூரம் அதிகமாக ஆக, கிரணம் திரும்பும் கோணம் குறையும். 7.15 ஆங்ஸ்ட்ராம் இடைத்தூரமுள்ள கயோலினைட் 12.4 டிகிரியிலும், 10 ஆங்ஸ்ட்ராம் உள்ள இல்லைட் 8.8 டிகிரியிலும், 14 ஆங்ஸ்ட்ராம் உள்ளவை 6.3 டிகிரியிலும் சிகரம் காட்டும்.

மண்ணைப் பதப்படுத்துதல்

வயலிலிருந்து எடுத்த மண்ணை நிழலிலேயே உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு அடுப்பில் வாட்டினால், பரீக்ஷை தொடங்குமுன்பே சில களிகளின் இயல்பு மாறிவிடும். உலர்ந்த கட்டிகளை மரக்கட்டையால் மெல்லத் தட்டி 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். பின்னர், களியை மூடி மறைக்கும் மூன்று பொருள்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

முதலாவது சுண்ணாம்பு. கரிசலில் சுக்கான்கல் துணுக்குகள் கலந்திருப்பது யாவரும் அறிந்தது. அமிலகார நிலை 5 உள்ள சோடியம் அஸிடேட் கரைசலில் மண்ணை இளஞ்சூட்டில் வைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். விரைவாக முடியும் என்று கருதிக் கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றலாகாது; சுண்ணாம்புடன் குளோரைட் முதலிய களிகளையும் அது அரித்துவிடும்.

இரண்டாவது மக்கு. இதனை ஹைட்ரஜன் பெராக்ஸைடு எரித்து நீக்கும். தொழுவுரம் நிரம்ப இட்ட மண் பால் பொங்குவது போலப் பொங்கி வழியுமாதலால், பெரிய பீக்கரில் சிறிது சிறிதாகவே விட வேண்டும். இத்திராவகம் தோலைச் சுடும், கையுறை அவசியம்.

மூன்றாவது இரும்புத் துரு. மேலூர்ச் செம்மண்ணின் நிறத்துக்குக் காரணம் இதுவே. துரு களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதுடன், செப்புக் குழாயின் கிரணம் படும்போது தானும் வேறு கிரணங்களை உமிழ்ந்து படத்தை மங்கச் செய்கிறது. சோடியம் ஸிட்ரேட்டும் பைகார்பனேட்டும் கலந்த கரைசலில் மண்ணை வைத்து, 75 முதல் 80 டிகிரி வரை சூடாக்கி, சோடியம் டைதயோனைட் தூளைச் சிறிதளவு இட்டுக் கலக்கினால் சிவப்பு மறைந்து மண் வெளுக்கும். மேராவும் ஜாக்ஸனும் 1960-இல் வெளியிட்ட இம்முறையே இன்றும் கையாளப்படுகிறது. உஷ்ணம் 80 டிகிரிக்கு மேல் ஏறினால் கந்தகம் படிந்து காரியத்தைக் கெடுக்கும்.

களியைப் பிரித்தெடுத்தல்

உப்புக்களைக் கழுவிய பின், மண்ணைச் சிறிதளவு சோடியம் கார்பனேட் கலந்த நீரில் நன்கு குலுக்கி, ஈரச் சல்லடையால் மணலை நீக்கி, உயர்ந்த கண்ணாடி ஜாடியில் நிறுத்த வேண்டும். பெருந்துகள் முதலில் அமிழும், களி பின்தங்கும். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அன்று, ஐந்நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பருமனுள்ள துகள், 20 டிகிரி உஷ்ணமுள்ள நீரில் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 7¾ மணி நேரம் ஆகும். அந்நேரம் கழிந்ததும் மேல் 10 சென்டிமீட்டர் நீரை மட்டும் உறிஞ்சியெடுத்தால் அதில் களி மட்டுமே இருக்கும்.

இங்கே மதுரையின் வெயிலைக் கணக்கில் கொள்ள வேண்டும். 30 டிகிரி உஷ்ணத்தில் நீர் இளகி, அதே துகள் 6 மணி 10 நிமிஷத்திலேயே அவ்வாழத்தைக் கடந்துவிடும். குளிர்தேசப் புஸ்தகத்திலுள்ள நேரத்தை அப்படியே பின்பற்றினால், களியிலேயே பருமன் கூடிய துகள்கள் அடியில் தங்கிவிடும். கயோலினைட்டும் இல்லைட்டும் பெரும்பாலும் பருந்துகள்களாகவே இருப்பவை. ஸ்மெக்டைட் மிக நுண்ணியது. ஆகவே, அவ்வாறு எடுத்த மாதிரியில் ஸ்மெக்டைட் உள்ளதற்கு அதிகமாகக் காணும். ஒரு வெப்பமானியை ஜாடியருகில் வையாமையால் ஒரு நிலத்தின் குணமே தவறாக எழுதப்படக்கூடும்.

இரண்டு பங்காகப் பிரித்துத் தகட்டில் பூசுதல்

பிரித்த களியை இரு பங்காக்கி, ஒன்றை மக்னீஸியம் குளோரைடு கரைசலாலும், மற்றொன்றைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலாலும் மும்முறை கழுவ வேண்டும். பின் மிகுந்த உப்பை நீராலும் சாராயத்தாலும் அகற்ற வேண்டும். கழுவிய நீரில் ஸில்வர் நைட்ரேட்டு ஒரு துளி விட்டால் வெண்மை தோன்றாதிருப்பதே உப்பு நீங்கியதற்கு அடையாளம்.

களிநீரைக் கண்ணாடித் தகட்டின்மேல் பரப்பி, சமமான மேஜையில் அசையாமல் உலரவிட வேண்டும். ஏடுகள் பாய் விரித்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாகப் படியும். அவ்வாறு படிவதால் ஏடுகளின் இடைத்தூரத்தைக் காட்டும் சிகரம் மிகத் தெளிவாக எழும். பூச்சு தடித்தால் உரிந்து சுருளும். மெலிந்தால் சிகரம் தாழும்.

சூடேற்றும் முறையும் அதன் தத்துவமும்

ஒரே ஒரு படம் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஸ்மெக்டைட், வெர்மிகுலைட், குளோரைட் ஆகிய மூன்றும் மக்னீஸியம் ஏற்ற நிலையில் ஏறக்குறைய 14 ஆங்ஸ்ட்ராமிலேயே சிகரம் காட்டும். கயோலினைட்டின் முதற் சிகரமும் குளோரைட்டின் இரண்டாம் சிகரமும் 7 ஆங்ஸ்ட்ராம் அருகில் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒரே சட்டை அணிந்த ஐவரை நடையைக் கண்டே இனம் பிரிப்பது போல, களியையும் அதனிடம் சில காரியங்களைச் செய்து, அது நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டே இனம் பிரிக்க வேண்டும். ஆகவே ஐந்து படங்கள் எடுக்கப்படுகின்றன: மக்னீஸியத் தகடு உலர்ந்த நிலையில் ஒன்று, அதே தகடு கிளிஸரால் அல்லது எத்திலீன் கிளைகால் ஏற்றபின் ஒன்று, பொட்டாசியத் தகடு அறையின் உஷ்ணத்தில் ஒன்று, 300 டிகிரி சென்டிகிரேடில் சுட்டபின் ஒன்று, 550 டிகிரியில் சுட்டபின் ஒன்று.

சூட்டால் களியில் நிகழ்வது இருவகை. 300 டிகிரிக்குள் ஏடுகளுக்கு இடையே தங்கிய நீர் வெளியேறி ஏடுகள் நெருங்குகின்றன. 550 டிகிரியில் கயோலினைட்டின் ஏட்டிலேயே பிணைந்திருந்த நீர் பிரிந்து, அதன் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பங்கு குறைந்து, படிக ஒழுங்கு குலைந்துபோகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மட்பாண்டங்களைச் செய்யும் குயவர்கள் இவ்வுண்மையைப் பரம்பரையாகக் கையாண்டு வருகின்றனர். வெயிலில் உலர்ந்த பச்சைப் பானை மழையில் கரைந்து மீண்டும் மண்ணாகும். சூளையில் வெந்த பானை எக்காலத்தும் மண்ணாகாது. கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட பழம்பானை ஓடுகளே அதற்குச் சாட்சி.

தகட்டைச் சுடும்போது கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

(1) சூளையில் முதலில் இளந்தீ மூட்டுவதைப் போல, மின்சார உலையின் உஷ்ணத்தையும் படிப்படியாகவே ஏற்ற வேண்டும். திடீரெனச் சூடேறினால் பூச்சு வெடித்து உதிரும்.

(2) குறித்த உஷ்ணத்தை அடைந்த பின் இரண்டு மணி நேரம் அந்நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். உலையின் முகப்பில் காணும் எண்ணை மட்டும் நம்பாமல், உள்ளிருக்கும் உஷ்ணத்தைத் தனிக் கருவியால் சரிபார்த்துக்கொள்ளுதல் நலம். 550 டிகிரி என்று எண்ணி 450 டிகிரியில் எடுத்தால், எஞ்சிய கயோலினைட்டைக் குளோரைட் என்று மயங்க நேரிடும்.

(3) சாதாரணக் கண்ணாடித் தகடு 550 டிகிரியில் வளையக்கூடும். சூடு தாங்கும் கண்ணாடி அல்லது பீங்கான் தகடே ஏற்றது.

(4) 300 டிகிரிப் படத்தை எடுத்த பின்பே 550 டிகிரிக்குச் செல்ல வேண்டும். வெந்த பானையைப் பச்சையாக்க முடியாதது போல, இவ்வரிசையையும் மாற்ற முடியாது.

(5) உலையிலிருந்து எடுத்த தகட்டை ஈரம் உறிஞ்சும் மருந்து வைத்த மூடிய கலத்தில் ஆறவைத்து, ஆறியவுடன் படமெடுக்க வேண்டும். கார்த்திகை மாதத்து ஈரக் காற்றில் திறந்து வைத்தால், 300 டிகிரியில் மூடிய ஸ்மெக்டைட் ஏடுகள் மறுபடியும் நீரை வாங்கி விரியும். செய்த வேலை வீணாகும்.

படத்தை வாசித்தல்

கிளிஸரால் ஏற்றபின் 14 ஆங்ஸ்ட்ராம் சிகரம் 18-க்கு நகர்ந்தால் (கிளைகாலாயின் 17-க்கு), பொட்டாசியத் தகட்டில் சுட்டபின் 10-க்கு இறங்கினால், அது ஸ்மெக்டைட். கிளிஸராலுக்கு அசையாமல் 14-இலேயே நின்று, பொட்டாசியம் ஏற்றதும் 10-க்கு மூடிக்கொள்வது வெர்மிகுலைட். எந்நிலையிலும் 10-இலேயே நிற்பது இல்லைட். 7.15-இல் நின்று 550 டிகிரியில் அடியோடு மறைவது கயோலினைட். 550 டிகிரியிலும் 14-இல் நிலைத்து நிற்பது குளோரைட்; அப்போது அதன் 14 ஆங்ஸ்ட்ராம் சிகரம் முன்னிலும் உயர்வதுண்டு. சிகரங்களின் உயரத்தைக் கொண்டு ஒவ்வொரு களியும் எவ்வளவு என்று கூறுவது உத்தேச மதிப்பீடேயன்றித் துல்லியமான கணக்கன்று.

இந்தியாவின் கரிசல் மண்களில் ஸ்மெக்டைட் இனமே மேலோங்கி நிற்பதும், பல செம்மண்களில் கயோலினைட் மிகுந்திருப்பதும் ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளன. 1976-இல் நாகபுரியில் நிறுவப்பட்ட தேசிய மண் அளவீட்டு நிறுவனம் இத்துறையில் விரிவாக உழைத்துள்ளது. எனினும் பொது விதி ஒவ்வொரு வயலுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

குடியானவர்களுக்குப் பிரயோஜனம்

நூறு கிராம் கயோலினைட் 3 முதல் 15 அலகு வரையே உரச்சத்துக்களைப் பற்றி வைக்கும். இல்லைட் 10 முதல் 40 அலகு. ஸ்மெக்டைட் 80 முதல் 120 அலகு. ஆகவே, கயோலினைட் மிகுந்த செம்மண்ணில் ஒரே முறையில் இட்ட உரம் நீரோடு இறங்கிப் போகும். அதனைப் பல தவணைகளாகப் பகிர்ந்து இடுவதே சிக்கனம். செம்மண்ணின் இரும்புத் துரு மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால், அவ்வுரத்தைத் தொழுவுரத்துடன் கலந்து வேரருகே இடுதல் நன்று. வெர்மிகுலைட்டும் தேய்ந்த இல்லைட்டும் உள்ள நிலங்களில், இட்ட சாம்பல்சத்து ஏடுகளுக்கு இடையே சிறைப்பட்டுவிடும். அத்தகைய நிலத்தில் உரமிட்டும் பயிர் சத்துக்குறையைக் காட்டினால், பழி உரத்தின்மேல் அன்று. மாறாக, இல்லைட் நிறைந்த நிலம் பரிசோதனையில் காணும் அளவுக்கு மேலாகவும் சாம்பல்சத்தை நாளடைவில் விட்டுக்கொடுக்கும்.

கண்மாய்க் கரம்பை அடிக்கும் விஷயத்தில் இவ்வறிவு பெரிதும் உதவும். கண்மாயில் படியும் வண்டல், நீர் வரும் காட்டின் மண்ணையே ஒத்திருக்கும். கரிசல் காட்டு நீர் விழும் கண்மாயின் கரம்பையில் ஸ்மெக்டைட் மிகுந்திருக்கும். மணற்பாங்கான செம்மண் நிலத்தில் அதனை அடித்தால், அந்நிலத்தின் ஈரம் தாங்கும் சக்தியும் உரம் தாங்கும் சக்தியும் பல ஆண்டுகளுக்கு உயரும். அதே கரம்பையை ஏற்கெனவே வெடித்துக் கிடக்கும் கரிசலில் அடிப்பதால் களி கூடுமேயன்றிக் குணம் கூடாது. செம்மண் காட்டு நீர் மட்டும் விழும் கண்மாயின் வண்டல் பார்வைக்கு வழவழப்பாயிருப்பினும், கயோலினைட்டே மிகுந்திருந்தால் வண்டிக்கூலிக்கேற்ற பலனைத் தராது. உரிய அனுமதி பெற்று நூற்றுக்கணக்கான நடை வண்டல் அடிக்க முனையும் கிராமத்தார், முன்னதாக ஒரு மாதிரியைப் பரீக்ஷித்துக்கொள்ளுதல் விவேகம்.

ஒவ்வொரு வயலுக்கும் எக்ஸ் கிரணப் பரீக்ஷை வேண்டுவதில்லை. அதற்குச் செலவும் காலமும் அதிகம். மண் பரிசோதனை நிலையங்களில் நடைபெறும் வழக்கமான பரிசோதனையே பெரும்பாலோர்க்குப் போதுமானது. அன்றியும், வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. ஈர மண்ணைப் பிசைந்து ஒரு சாண் நீளமுள்ள சிறு மரப்பெட்டியில் வெடிப்பின்றி நிரப்பி நிழலில் காயவிட வேண்டும். காய்ந்த மண் பெட்டியின் ஓரத்தை விட்டு விரற்கடை அளவுக்கு விலகினால் அதில் பருக்கும் களி மிகுதி. ஏறக்குறைய விலகாமலே நின்றால் அது குறைவு. இச்சோதனையும், பரிசோதனை நிலையத்தின் சிபார்சும், வயலில் பயிர் காட்டும் குறியும் ஒன்றோடொன்று முரண்படும்போதே உள்ளாய்வு தேவைப்படுகிறது. அப்பொழுது பல வயல்களுக்குப் பொதுவாக ஒரு மாதிரியை, மேல் மண் வேறாகவும் அடிமண் வேறாகவும் எடுத்து, நிலத்தின் சர்வே எண், எடுத்த ஆழம், இட்ட உரம், சாகுபடி விவரம் ஆகியவற்றுடன் வட்டார வேளாண்மை அதிகாரியிடம் ஒப்படைத்து ஆலோசனை பெறலாம். மதுரை ஒத்தக்கடையில் யானைமலையின் அடிவாரத்தில் 1965 முதல் நடைபெற்றுவரும் வேளாண்மைக் கல்லூரியின் மண்ணியல் பேராசிரியர்களையும் அணுகலாம்.

கரிசலின் பதம் தவறாமல் ஏர் பூட்டவும், செம்மண்ணுக்கு அடிக்கடி எரு இடவும் முன்னோர் அனுபவத்தால் கற்றனர். அவர்கள் கண்ட பலனுக்குரிய காரணத்தை ஏடுகளின் இடைத்தூரமாக அளந்து காட்டுவதே இப்பரீக்ஷையின் தொழில். காரணம் தெரிந்தவன் அடுத்த நிலத்துக்கு ஏற்றதை அடுத்தவன் சொல்லக் கேட்டுத் தன் நிலத்தில் செய்து நஷ்டமடைய மாட்டான். வரும் பங்குனி, சித்திரையில் கண்மாய்கள் வற்றி, வண்டிகள் கரம்பைக்குப் புறப்படுமுன், எந்த மண்ணை எந்த நிலத்துக்குக் கொண்டு போகிறோம் என்பதை ஒவ்வொரு கிராமத்தாரும் ஒரு முறை ஆலோசித்துக்கொள்வாராக.